அமிலம் குறைந்தது, டி.எஸ்.எச். ஏறியது

பதினோரு ஆண்டுகளாகத் தைராய்டு மாத்திரை சாப்பிடுகிறேன். 75 மைக்ரோகிராம் லெவோதைராக்சின், காலையில் எழுந்ததும் வெறும் வயிற்றில். ஒரு நாளும் தவறியதில்லை. அதனால், எப்போதும் 2-ஐ ஒட்டியே இருந்த டி.எஸ்.எச். 9.8 என்று வந்தபோது ஆய்வகத்தைத்தான் சந்தேகித்தேன். ரத்தப் பரிசோதனையில் பார்க்கும் அளவு அது: உடம்பில் தைராய்டு ஹார்மோன் குறைந்தால் ஏறும், மிகுந்தால் இறங்கும்.

உடம்பு முன்பே சொல்லியிருந்தது. சீப்பில் கொத்துக் கொத்தாக முடி, பட்டப்பகலில் கண்ணைச் செருகும் தூக்கம், விரலை விட்டுக் கழல மறுத்த மோதிரம். வேலைக் களைப்பு என்று இருந்துவிட்டேன்.

மருத்துவர் சீட்டு எழுதுமுன் கேட்டார்: "வேறு என்ன மருந்து சாப்பிடுகிறீர்கள்?"

நெஞ்செரிச்சலுக்கு வேறொரு மருத்துவர் தந்த பான்டோபிரசோல், மூன்று மாதமாக. அதுவும் வெறும் வயிற்றில் என்பதால் இரண்டையும் ஒரே மடக்கில் விழுங்கிக்கொண்டிருந்தேன். எரிச்சல் அடங்காத காலைகளில் ஒரு மூடி ஆன்டாசிட் வேறு. தைராய்டு இருப்பதை அந்த மருத்துவரிடம் நான் சொல்லவில்லை. வயிற்றுக்கும் கழுத்துக்கும் என்ன தொடர்பு என்று நினைத்தேன்.

தொடர்பு இருக்கிறது. லெவோதைராக்சின் மாத்திரை நன்றாகக் கரைய இரைப்பையில் அமிலம் வேண்டும். சரியாகக் கரையாவிட்டால் குடல் உறிஞ்சுவதும் குறையும். "அப்படியானால் ஒன்றைக் காலையிலும் மற்றதை இரவிலும் சாப்பிடலாமா?" என்றேன். ஆன்டாசிட்டுக்கு அது சரி என்றார். அதிலுள்ள அலுமினிய, கால்சிய உப்புகள் தைராய்டு மருந்தைப் பற்றிக்கொள்ளும். நான்கு மணி நேரம் தள்ளிக் குடித்தால் போதும். பான்டோபிரசோலோ நாள் முழுவதும் அமிலச் சுரப்பைக் குறைத்தே வைத்திருக்கும். நேரத்தை மாற்றி அதனிடமிருந்து முழுதாகத் தப்ப முடியாது. இதுதான் எனக்குப் பெரிய அதிர்ச்சி.

உணவுக்குழாய்ப் புண் ஆறும்வரை அதை நிறுத்தவும் முடியாது. ஆகவே தைராய்டு அளவு 100 ஆனது. டி.எஸ்.எச். நிலைபெற ஆறு வாரமாவது ஆகும் என்பதால் காத்திருந்து பார்த்தோம்: 2.6.

பிறகு புண் ஆறி, பான்டோபிரசோலை நிறுத்தினார்கள். நான் 100-ஐயே தொடர்ந்தேன். சில வாரங்களில் படுத்தால் நெஞ்சு படபடத்தது. தேநீர்க் கோப்பை கையில் நடுங்கியது. டி.எஸ்.எச். 0.2. இப்போது மாத்திரை பழையபடி நன்றாக உடம்பில் சேர்ந்ததால் அதே அளவு மிகையாகிவிட்டது. அமிலத்தைக் குறைக்கும் மாத்திரையைத் தொடங்கும்போது மட்டுமல்ல, நிறுத்தும்போதும் தைராய்டு மருத்துவரிடம் சொல்ல வேண்டும் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. அதற்காகவே இதை எழுதுகிறேன்.

மருத்துவர் மீண்டும் 75-க்கு இறக்கினார். படபடப்பு அடங்கிவிட்டது. ஆறாவது வாரப் பரிசோதனைக்குக் காத்திருக்கிறேன்.