அம்மாவின் அக்கியும் ஒரு ரத்தப் பரிசோதனைச் சீட்டும்

சென்ற ஆண்டு மாசி மாதம் அம்மாவுக்கு வலது விலாவில் எரிச்சல் தொடங்கியது. அவருக்கு வயது 73. குடம் தூக்கியதால் வந்த பிடிப்பு என்று நினைத்தோம். தெருமுனை மருத்துவரும் அதையே சொல்லி, வலி மாத்திரையும் தடவ ஒரு களிம்பும் கொடுத்தார். காய்ச்சல் இல்லை. ஆனால் புடவைத் தலைப்பு பட்டால்கூட அம்மா துடித்தார். மூன்று நாள் கழித்துக் குளிக்கப் போனவர் என்னைக் கூப்பிட்டு முதுகைக் காட்டினார். முதுகுத்தண்டில் தொடங்கி மார்புக்குக் கீழ் வரை, வலப்பக்கம் மட்டும், பட்டையாகச் சிவந்த கொப்புளங்கள்.

"அக்கி" என்று அம்மாவே சொன்னார். வேளார் வீட்டில் எழுதிக்கொண்டால் இறங்கிவிடும் என்றார். அழைத்துப் போனேன். அந்தப் பெரியவர் காவியைக் குழைத்து, கொப்புளங்களின் மேல் சிங்க உருவம் எழுதினார். காசு வாங்க மறுத்துவிட்டார். அன்றிரவு அம்மா கொஞ்சம் தூங்கினார். அந்த ஆறுதலை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் அக்கிக்குக் காரணமான வைரஸை அடக்கும் மாத்திரையைக் கொப்புளம் கிளம்பி 72 மணி நேரத்துக்குள் தொடங்க வேண்டும் என்பது எனக்கு அப்போது தெரியாது. தஞ்சாவூரில் தோல் மருத்துவர் முன் நாங்கள் உட்கார்ந்தபோது நான்காவது நாள் முடிந்திருந்தது. நினைத்தால் இன்றும் மனம் ஆறவில்லை.

புதுக் கொப்புளங்கள் இன்னும் வந்துகொண்டிருந்ததால் அவர் உடனே அந்த வகை மாத்திரையான வாலாசைக்ளோவிர் எழுதினார்: வேளைக்கு 1 கிராம், நாளைக்கு மூன்று வேளை, 7 நாள். கொப்புளங்கள் பொருக்குத் தட்டும்வரை தங்கையின் கைக்குழந்தையை அம்மாவிடம் விட வேண்டாம் என்றார். சின்னம்மை வராத பிள்ளைக்கு இதிலிருந்து சின்னம்மை தொற்றலாம். சிறுநீரகம், சர்க்கரை, ரத்த அணுக்கள் எல்லாவற்றுக்கும் பரிசோதனை எழுதினார்.

சீட்டு வந்தது. வெள்ளையணுக்கள் 7,200. அதில் லிம்போசைட் என்ற எதிர்ப்பு அணுக்கள் 31 விழுக்காடு. எல்லாம் இருக்க வேண்டிய அளவுக்குள். "எதிர்ப்புச் சக்தி நன்றாகத்தானே இருக்கிறது டாக்டர், பிறகு எப்படி வந்தது?" என்று கேட்டேன். வரிசையில் அத்தனை பேர் காத்திருந்தும் அவர் சீட்டைத் திருப்பி, பின்பக்கத்தில் படம் போட்டுக் காட்டினார்.

அம்மாவுக்கு ஒன்பது வயதில் சின்னம்மை வந்தது. வேப்பிலைப் படுக்கையை அவர் இன்னும் மறக்கவில்லை. அம்மை இறங்கியதே தவிர வைரஸ் போகவில்லை. தண்டுவடத்தை ஒட்டிய நரம்பு முடிச்சுகளில் 64 ஆண்டுகளாக ஒடுங்கிக் கிடந்திருக்கிறது. அதைத் தலைதூக்க விடாமல் வைத்திருந்தவை ரத்தத்தில் சுற்றும் டி செல்கள் என்ற ஒரு வகை லிம்போசைட்டுகள். அவை பக்குவப்படும் இடம் நெஞ்செலும்புக்குப் பின்னால் இருக்கும் தைமஸ் சுரப்பி. அது இளமையிலேயே சுருங்கத் தொடங்கி, வயதாக ஆகக் கொழுப்பாக மாறிவிடுகிறது. புதிய டி செல்களின் வரத்து மிகவும் குறைந்து, ஏற்கெனவே இருப்பவை பிரிந்து பிரிந்தே எண்ணிக்கையை நிரப்புகின்றன. ஒவ்வொரு பிரிவிலும் குரோமோசோம்களின் நுனி தேய்கிறது. போதாக்குறைக்கு, நம் நாட்டுப் பெரியவர்களில் மிகப் பெரும்பாலோர் உடலில் சைட்டோமெகலோ என்ற வைரஸ் சத்தமில்லாமல் இருக்கிறது. அதைக் கண்காணிக்கும் செல்கள் பெருகி இடத்தை அடைத்துக்கொள்கின்றன. சின்னம்மை வைரஸை அடையாளம் காணும் செல்களோ குறைந்து, வேகமும் இழக்கின்றன.

எங்கள் வீட்டில் நெல் குதிர் இருந்தது. அளந்தால் மரக்கால் கணக்கு சரியாக இருக்கும். விதைத்துப் பார்க்கும்போதுதான் எவ்வளவு முளைக்கும் என்று தெரியும். அந்தச் சீட்டில் இருந்தது மரக்கால் கணக்கு. அதற்குள் புதிய டி செல் எத்தனை, பழையது எத்தனை என்று பார்க்கத் தனிப் பரிசோதனை உண்டு. அது சிகிச்சையை மாற்றாது என்பதால் வேண்டாம் என்றார் மருத்துவர்.

பத்து நாளில் கொப்புளம் காய்ந்தது. வலி காயவில்லை. மூன்று மாதத்தைத் தாண்டியும் நீடிக்கும் இந்த நரம்பு வலி முதியவர்களுக்கே அதிகம். நரம்பு வலிக்கான பிரிகாபலின் மாத்திரையைக் குறைந்த அளவில் தொடங்கிக் கூட்டினார்கள். அது தலைசுற்றலைத் தந்ததால் இரவில் கழிவறைக்குப் போகும்போதெல்லாம் கையைப் பிடித்துக்கொண்டேன். ஆடி பிறந்த பிறகுதான் அம்மா வலப்பக்கம் சாய்ந்து படுத்தார்.

மறுபடியும் வரலாம் என்பதால் தடுப்பூசி போடச் சொன்னார்கள். வலுவிழக்கச் செய்த உயிருள்ள வைரஸைக் கொண்ட பழைய தடுப்பூசி 70 வயதைக் கடந்தவர்களிடம் 38 விழுக்காடுதான் பலன் தந்தது. இப்போதுள்ள ஷிங்ரிக்ஸ், 2016இல் வெளியான பெரிய ஆய்வில், அதே வயதினரிடம் ஏறத்தாழ 90 விழுக்காடு காத்தது. அதில் வைரஸின் ஒரே ஒரு புரதமும், மந்தமான செல்களைத் தட்டி எழுப்பும் ஒரு துணைப்பொருளும் இருக்கின்றன. அந்தத் துணைப்பொருளில் ஒரு பகுதி சிலி நாட்டு மரப்பட்டையிலிருந்து எடுப்பது. முதுமையில் எதுவும் செய்வதற்கில்லை என்று நம்பியிருந்த எனக்கு இது பெரிய செய்தி. விலை அதிகம், எங்கள் வீட்டுக்கு அது இரண்டு மாதச் செலவு. இரண்டு தவணை, இடையில் இரண்டு மாதம்.

தையில் இரண்டாவது ஊசி போட்ட இரவு அம்மாவுக்குக் குளிர் நடுக்கம், காய்ச்சல், தோள் வலி. முன்பே எச்சரித்திருந்தார்கள். பாராசிட்டமால் கொடுத்துப் போர்த்திவிட்டேன். மறுநாள் மாலை எழுந்து காபி கேட்டார்.

எனக்கு 52 வயது. 50 தாண்டியவர்களுக்கு இந்தத் தடுப்பூசி பரிந்துரை. எனக்கும் சின்னம்மை வந்ததுண்டு. பங்குனியில் முதல் தவணை போட்டுக்கொண்டேன். வைகாசியில் அடுத்தது, அன்றிரவு தானே துணைக்கு இருப்பதாக அம்மா சொல்லியிருக்கிறார்.