ஐந்து கிலோ நாய், அதற்கு ஆகும் செலவு

ஷிட்சூ இன நாய்க்குட்டி வாங்கப் போகிறோம் என்றதும் அம்மா, “பூனை அளவுதானே இருக்கு, ஒரு பிடி சோறு போட்டா முடிஞ்சுது” என்றார். சாப்பாட்டைப் பொறுத்தவரை அது சரிதான். மணிக்கு (ஆமாம், ஷிட்சூவுக்கு மணி என்றுதான் பெயர்) கோழியும் சோறும் இடையிடையே போடுவதால், 3 கிலோ நாய் உணவுப் பாக்கெட் ஒன்று மாதம் தாண்டியும் வருகிறது.

ஆனால் உடம்பு சிறியது என்பதற்காக எல்லாச் செலவும் சிறியதாகிவிடாது. பூச்சி மாத்திரை எடைக்கு ஏற்றபடி குறையும். தடுப்பூசி குறையாது. 5 கிலோ மணிக்கும் எதிர்வீட்டு லாப்ரடாருக்கும் ஒரே 1 மி.லி. ஊசி, ஒரே விலை. டாக்டர் ஃபீஸும் ரத்தப் பரிசோதனையும் அப்படித்தான். குட்டியாக இருந்தபோது சில வார இடைவெளியில் கூட்டுத் தடுப்பூசிகள் (பல நோய்களுக்கும் சேர்த்து ஒரே ஊசி), மூன்று மாதத்தில் ரேபிஸ் ஊசி. தனியார் கிளினிக்கில் ஒவ்வொரு தடவையும் ஆயிரம் ரூபாய்க்குக் குறைந்து வெளியே வந்ததில்லை. அப்புறம் வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு மாறினோம். காத்திருக்க வேண்டும், ஆனால் செலவு பல மடங்கு குறைவு.

சென்னை மாநகராட்சி உரிமம் ஆன்லைனில் 50 ரூபாய்தான், வருடா வருடம் புதுப்பிக்க வேண்டும். ரேபிஸ் ஊசிச் சான்று, முகவரிச் சான்று, நாயின் போட்டோ கேட்பார்கள். இப்போது மைக்ரோசிப்பும் (தோலுக்கு அடியில் வைக்கும் அடையாளச் சில்லு) கட்டாயம். மாநகராட்சியின் செல்லப்பிராணி சிகிச்சை மையத்தில் இலவசமாகவே போட்டுவிட்டார்கள். உரிமம் இல்லாவிட்டால் அபராதம் 5,000 என்பதால் இதைத் தள்ளிப்போடவில்லை.

உண்மையில் பணம் போவது முடிக்கும் பல்லுக்கும்தான். ஷிட்சூவின் முடி மனித முடி மாதிரி வளர்ந்துகொண்டே போகும், கண்ணில் குத்தும், சீவாமல் விட்டால் சிக்குப் பிடித்துத் தோல் புண்ணாகும். குளிப்பாட்டி வெட்டிவிட ஒரு தடவைக்கு 1,500 ரூபாய் போல ஆகிறது. சென்னை வெயிலுக்கு ஒட்ட வெட்டிவிடுவதுதான் அதற்கும் நிம்மதி, சீவுகிற எங்களுக்கும் நிம்மதி. கண்காட்சிக்கா அனுப்பப் போகிறோம்?

பல் விஷயத்தை வாங்கும்போது யாருமே சொல்லவில்லை. அல்சேஷனுக்கு எத்தனை பல்லோ அத்தனையும், 42 பல்லும், இந்தக் குட்டித் தாடையில் நெருக்கியடித்து நிற்கின்றன. இடுக்கில் அழுக்குத் தங்கி ஈறு கெடும். பால்பல் சில சமயம் விழாமலே நிற்கும். மணிக்குக் கோரைப்பல் இரண்டு அப்படி நின்றுவிட்டன. கருத்தடை ஆபரேஷனுக்கு மயக்க மருந்து கொடுக்கும்போதே அதையும் எடுத்துவிடலாம் என்றார் டாக்டர். ஒரே மயக்கத்தில் இரண்டு வேலையும் முடிந்தன. இன்னொரு மயக்கத்துக்கான செலவும் பயமும் மிச்சம். உங்கள் குட்டிக்கும் ஆபரேஷன் தேதி குறிக்கும் முன் வாயைத் திறந்து பார்க்கச் சொல்லுங்கள்.

இப்போது தினமும் இரவு பல் தேய்த்துவிடுகிறோம். நாய்க்கென்றே விற்கும் பேஸ்ட்தான் வேண்டும்; நம்முடைய பேஸ்ட் சிலவற்றில் இருக்கும் சைலிட்டால் என்ற இனிப்புப் பொருள் நாய்க்கு விஷம். கோழி வாசனை உள்ள ட்யூப் முன்னூறு ரூபாய்க்குள் கிடைக்கிறது. மயக்கம் கொடுத்துப் பல் சுத்தம் செய்ய ஒரு தனியார் கிளினிக்கில் விசாரித்தேன், 8,000 என்றார்கள்.