அதே 21 இணைகள்: நான்கு மாத ஆட்டக் குறிப்புகள்

எங்கள் குழுவில் எட்டுப் பேர். நான், என் மனைவி, சித்தப்பா, அவருடைய மகனும் மகளும், கல்லூரி நண்பர்கள் மூவர். ஞாயிற்றுக்கிழமை இரவுகளில் வீடியோ அழைப்பில் கூடி, யார் ஒளிந்திருக்கும் எதிரி என்று பேசிப் பேசியே கண்டுபிடிக்கும் ஆட்டங்களை ஆடி வருகிறோம். ஒரு ஆட்டத்தில் பாத்திரங்கள் எவ்வளவு அதிகமோ அவ்வளவு அது கடினம் என்று நான் நம்பியிருந்தேன். அது சரிதானா என்று பார்ப்பதற்காக நான்கு மாதங்கள் ஒரு நோட்டில் குறிப்பு எழுதினேன்.

ஒவ்வொரு ஆட்டத்துக்கும் மூன்று விஷயங்களைக் குறித்தேன்: விதிகளை விளக்க எத்தனை நிமிடம் ஆயிற்று, சித்தப்பா, யாரும் கேட்காமல் தாமாகவே முதல் சந்தேகத்தைச் சொல்ல எத்தனை சுற்று பிடித்தது, தொடக்கத்தில் ஒரு நல்லவரின் பார்வையில் எதிரிகள் யார் யாராக இருக்கலாம் என்பதற்கு எத்தனை வாய்ப்புகள் உள்ளன. மூன்றாவதைக் கணக்குப் போட்டே கண்டுபிடித்துவிடலாம். எட்டுப் பேரில் என்னை நீக்கினால் மீதி ஏழு பேர்; அதில் இருவர் எதிரிகள் என்றால் 21 இணைகள்.

சிறு வயதில் ஆடிய ராஜா ராணி திருடன் போலீஸ் சீட்டும் இந்த வகைதான், ஆனால் அதில் பேச்சுக்கு வேலையில்லை. போலீஸ் முகத்தைப் பார்ப்பார், ஒருவரைக் காட்டுவார், முடிந்தது. பேச்சையே ஆட்டமாக்கிய வடிவம் 1980-களின் இரண்டாம் பாதியில் மாஸ்கோ அரசுப் பல்கலைக்கழகத்தில் திமித்ரி தாவிதோவ் உருவாக்கிய ‘மாஃபியா’. நாங்கள் ஆடிய நான்கும் அதன் வழிவந்தவை.

முதல் மாதம் ‘அமாங் அஸ்’. 2018-இல் வெளியாகி, 2020-இல் ஊரடங்குக் காலத்தில் உலகெங்கும் பரவியது. எட்டுப் பேரில் இருவர் இம்போஸ்டர்கள், அதாவது ஒளிந்திருக்கும் எதிரிகள். விளக்க நான்கு நிமிடம் போதுமாக இருந்தது; சித்தப்பா இரண்டாம் சுற்றிலேயே பேசிவிட்டார். காரணம் எளிது: இதில் சாட்சியம் கண்ணால் கண்டது. யார் எந்த அறையில் இருந்தார்கள், யார் யாரோடு போனார்கள் என்பதைச் சொல்ல எந்தப் பயிற்சியும் வேண்டாம். சித்தப்பாவுக்குச் சிரமம் தந்தது, திரையில் விரலை வைத்து ஆளை நகர்த்துவதுதான். “அப்பா, நீங்கதான் கொன்னீங்க, நான் பார்த்தேன்” என்று மகள் மரியாதை குறையாமல் குற்றம் சாட்டிய இரவு எங்கள் எல்லோருக்கும் நினைவிருக்கும்.

அந்த ஆட்டத்தில் 2021 நவம்பரில் புதிய பாத்திரங்கள் சேர்க்கப்பட்டன. அவற்றை ஒட்டுமொத்தமாகச் சேர்க்காமல், வாரத்துக்கு ஒன்றாகத் திறந்து பார்த்ததுதான் இந்த நான்கு மாதங்களில் நான் செய்த உருப்படியான காரியம். விஞ்ஞானி பாத்திரத்தைத் திறந்தபோது, அவரால் யார் உயிரோடு இருக்கிறார்கள் என்பதை எங்கிருந்தும் பார்க்க முடிந்தும், விவாதத்தில் எந்த மாற்றமும் இல்லை. அடுத்த வாரம் பொறியாளர். காற்றுக்குழாய்க்குள் நுழைவது இம்போஸ்டரால் மட்டுமே முடியும் என்றிருந்த நிலை அன்றோடு போயிற்று. “குழாயிலிருந்து வெளியே வந்ததைப் பார்த்தேன்” என்ற வாக்கியம் அதுவரை தீர்ப்பாக இருந்தது, அன்று முதல் வெறும் குற்றச்சாட்டு ஆனது. மூன்றாம் வாரம், இன்னொருவரின் தோற்றத்தை எடுத்துக்கொள்ளும் உருமாறி வந்ததும் “பார்த்தேன்” என்ற சொல்லுக்கே மதிப்பு போய், விவாதங்கள் இரண்டு மடங்கு நீண்டன. மூன்று வாரமும் சேர்ந்தது ஒவ்வொரு பாத்திரம்தான். ஆனால் சுமையைக் கூட்டியவை, ஏற்கெனவே கையில் இருந்த சாட்சியத்தைக் கெடுத்த இரண்டு மட்டுமே. என் பழைய நம்பிக்கை அங்கேயே ஆட்டம் கண்டது.

இரண்டாம் மாதம், 2014-இல் வந்த ‘டவுன் ஆஃப் சேலம்’. முதலில் நான் மட்டும் அறிமுகமற்றவர்களோடு பதினைந்து பேர் ஆட்டங்களில் சேர்ந்து பழகினேன். முப்பதுக்கும் மேற்பட்ட பாத்திரங்களின் பட்டியலைப் பார்த்து மலைத்தேன் என்பது உண்மை. ஆனால் இரவில் யார் யாரைச் சந்தித்தார், எது முதலில் நடக்கும், எது தடுக்கப்படும் என்ற கணக்கு முழுவதையும் நிரலே பார்த்துக்கொள்கிறது. இதையே நேரில் ஆடியிருந்தால் நடத்துபவர் தாளும் பேனாவுமாகத் திணறியிருப்பார். ஆடுபவருக்குத் தன் பாத்திரமும், அதை ஏமாற்றக்கூடியவர்கள் யார் என்பதும் தெரிந்தால் தொடங்கிவிடலாம். இரவில் ஒருவரை விசாரிக்கும் பாத்திரமான ஷெரிஃபுக்கு, ஒருவர் சந்தேகத்துக்குரியவர் என்று தகவல் வந்தால், அவர் எதிரி அணியான மாஃபியாவைச் சேர்ந்தவராக இருக்கலாம், அல்லது பழிசுமத்துபவரால் அன்றிரவு மாட்டிவிடப்பட்ட அப்பாவியாக இருக்கலாம். ஷெரிஃப் அறிய வேண்டியது பெரும்பாலும் அவ்வளவே.

அந்த நீண்ட பட்டியலில் எங்களை உண்மையிலேயே உலுக்கியது ஜெஸ்டர் என்ற ஒரே பாத்திரம். ஊரார் வாக்களித்துத் தன்னைத் தூக்கிலிட்டால்தான் அவருக்கு வெற்றி. ஒருவர் உளறினால் அவர் பொய்யர் என்று அதுவரை முடிவு கட்டிவந்தோம். இப்போது, தூக்கில் தொங்க ஆசைப்பட்டே உளறுகிறாரோ என்று யோசிக்க வேண்டியிருந்தது. இங்கே தகவல் கெடவில்லை; ஆளின் நோக்கத்தைப் பற்றிய எங்கள் அனுமானம் கெட்டது. சித்தப்பா ஐந்து சுற்றுகள் வாய் திறக்கவில்லை. அதில் பாதிக் காரணம், ஆட்டம் முழுவதும் தட்டச்சில் நடந்ததுதான். ஆங்கில எழுத்தில் அடிக்கப்பட்ட தமிழைப் படித்து முடிப்பதற்குள் வாக்களிக்கும் நேரம் வந்துவிடும் என்று குறைபட்டுக்கொண்டார்.

மூன்றாம் மாதம் ‘அவலான்’, உலாவியில் ஆடும் வடிவத்தில். விளக்க ஆறு நிமிடம். எட்டுப் பேரில் மூவர் எதிரிகள் என்பதால் வாய்ப்புகள் 35. யாரும் சாவதில்லை, யாரும் வெளியேறுவதில்லை. ஒவ்வொரு பணிக்கும் அனுப்ப முன்மொழியப்படும் குழுவை ஏற்பதா என்ற வாக்கு எல்லோருக்கும் தெரியும்படி பதிவாகிறது. பணி தோற்றால், சென்றவர்களில் ஒருவராவது எதிரி என்பது உறுதி. நிரல் எவரிடமும் பொய் சொல்வதில்லை. அப்படியிருந்தும் ஆட்டம் முடிந்ததும் எல்லோருக்கும் தலை வலித்தது. சுமை முழுவதும் நினைவில் இறங்குகிறது: இரண்டாம் பணிக்கான மூன்றாவது குழுவை யார் நிராகரித்தார், ஏன் என்பதையெல்லாம் ஐந்தாம் பணிவரை சுமக்க வேண்டும். மெர்லின் பாத்திரம் வாய்த்தவரின் நிலை இன்னும் மோசம். எதிரிகள் யாரென்று அவருக்குத் தெரியும். ஆனால் அது தெரிந்தவர் என்று காட்டிக்கொண்டால், நல்லவர்கள் மூன்று பணிகளை வென்ற பிறகும் எதிரிகளில் ஒருவரான கொலையாளி அவரைச் சரியாகச் சுட்டி ஆட்டத்தைப் பறித்துவிடுவார். என் மனைவி மெர்லினாக இருந்த இரவில், வேண்டுமென்றே ஒரு தவறான குழுவுக்கு ஆதரவாக வாக்களித்துத் தப்பினார். அந்த வாக்கைப் பற்றி இன்றுவரை வீட்டில் பேச்சு ஓய்ந்தபாடில்லை.

கடைசி மாதம் ‘பிளட் ஆன் தி கிளாக்டவர்’, அதன் தொடக்கநிலைத் தொகுப்பான ‘டிரபிள் புரூயிங்’. இதற்கு ஆட்டத்தை நடத்தும் கதைசொல்லி ஒருவர் தேவை. நான் அமர்ந்தேன், என் இடத்துக்கு அலுவலக நண்பர் ஒருவரை அழைத்துக்கொண்டோம். எட்டுப் பேருக்கு எதிரிகளாக ஒரு பேய், ஒரு கையாள். வாய்ப்புகள் மறுபடியும் அதே 21. ஆனால் விளக்குவதற்கே முக்கால் மணி நேரம் ஆனது.

நோட்டில் இரண்டு 21-களையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பார்த்தேன். ‘அமாங் அஸ்’ ஆட்டத்தில் ஒவ்வொரு சாட்சியமும் அந்த 21-இல் சிலவற்றை அடித்துவிடும். இங்கே அடித்தவை திரும்பி எழுகின்றன. விஷம் வைப்பவர் இரவுதோறும் ஒருவரைத் தேர்ந்து அவருடைய திறனைக் கெடுக்கிறார். குடிகாரர் தம்மை வேறொரு பாத்திரமாகவே நம்பிக்கொண்டிருப்பார். தாம் குடிகாரர் என்பது அவருக்கே தெரியாது; கதைசொல்லி அவருக்குத் தரும் தகவல் பொய்யாகவும் இருக்கலாம். மற்ற மூன்று ஆட்டங்களிலும் என்னைத் தவிர எவரையும் நம்ப வேண்டாம் என்று தொடங்கலாம். இதில் அந்த ஒரு விதிவிலக்கும் கிடையாது.

முதல் ஆட்டத்தில் குடிகாரர் சித்தப்பாதான். தாம் எம்பத் என்று அவர் நம்பினார். உயிரோடிருக்கும் இரு பக்கத்து ஆட்களில் எத்தனை பேர் தீயவர் என்று இரவுதோறும் அறியும் பாத்திரம் அது. மூன்று இரவுகளும் நான் அவருக்குச் சுழியம் என்றே சொன்னேன். அவருக்கு இடப்பக்கம் அமர்ந்திருந்த மகன்தான் பேய். “என் பையன் சுத்தம், மூணு தடவை பார்த்தாச்சு” என்று, அதுவரை எந்த ஆட்டத்திலும் பேசாத அளவுக்கு அவர் வாதாடி, மகனுக்கு எதிராக எழுந்த இரண்டு வாக்கெடுப்புகளைத் தோற்கடித்தார். பேய்த் தரப்பு வென்றது. முடிவில் நான் பாத்திரங்களை வெளிப்படுத்தியபோது அவர் கோபிக்கவில்லை. நோட்டை வாங்கி, ஒவ்வொரு இரவும் என்ன சொன்னேன், ஏன் சொன்னேன் என்று வரிவரியாகக் கேட்டார்.

அடுத்த ஞாயிறு குடிகாரரை நீக்கிவிட்டு விஷம் வைப்பவரை மட்டும் சேர்த்து ஆடிப்பார்க்கத் திட்டம். கதைசொல்லியாகத் தாமே அமர்வதாகச் சித்தப்பா சொல்லிவிட்டார். விதிகளைப் பெரிய எழுத்தில் அச்செடுத்துத் தரும்படி கேட்டிருக்கிறார். பதினான்கு பக்கம் வந்திருக்கிறது.