சுவரோரத்திலிருந்து நடு அறை வரை: வினைல் டேப்பில் ஒரு கோட்டுத் தரை

ஜிம் லாம்பி என்ற ஸ்காட்லாந்துக் கலைஞர் 1999-இல் கிளாஸ்கோ நகரின் டிரான்ஸ்மிஷன் காலரியில் 'ஸோபாப்' என்று ஒரு தரையைச் செய்தார். கடையில் கிடைக்கும் வண்ண வினைல் டேப்தான் பொருள். சுவரோரத்தில் ஒட்டத் தொடங்கி, அறையின் மூலை, தூண், வாசல் எல்லாவற்றையும் அப்படியே பின்பற்றி, சுற்றுக்கு மேல் சுற்றாக உள்ளே வந்து நடுவில் முடிப்பார். 2008-இல் நியூயார்க்கின் நவீனக் கலை அருங்காட்சியகத்திலும் இதே முறையில் தரை போட்டார்கள். படங்களில் பார்த்த நாளிலிருந்தே எனக்கு இதன் மேல் ஒரு கண். வடிவத்தை யாரும் வரைவதில்லை, அறையின் வெளிக்கோடே வடிவத்தை முடிவு செய்துவிடுகிறது. அதே டேப்பை, அதே வரிசையில், வேறு அறையில் ஒட்டினால் வேறு படம் வரும். அதை என் அறையில் செய்து பார்த்த கதை இது.

அறை 3.6 மீட்டர் நீளம், 2.7 மீட்டர் அகலம். நீளச் சுவரில், இடது மூலையிலிருந்து 40 செ.மீ. தள்ளி ஒரு தூண் துருத்திக்கொண்டு நிற்கிறது. 30 செ.மீ. அகலம், 30 செ.மீ. ஆழம். தரை வெளிர் நிற டைல்ஸ். வெறும் செவ்வக அறையாக இருந்தால் கணக்கு மிக எளிது: எல்லாப் பக்கமும் ஒரே அளவு உள்ளே வருவதால், நீளத்துக்கும் அகலத்துக்கும் உள்ள வித்தியாசம் கடைசி வரை மாறாது. 3.6-க்கும் 2.7-க்கும் வித்தியாசம் 90 செ.மீ. ஆகவே நடுவில் 90 செ.மீ. நீளத்துக்கு ஒரு நேர்கோடாக முடிந்திருக்கும். தூண் அந்தக் கணக்கை மாற்றிவிட்டது. எனக்கு இந்த அறை பிடித்துப்போனதே அதனால்தான்.

கட்டம் போட்ட தாளில் வரைந்து பார்த்தேன். மூலைக்கும் தூணுக்கும் இடையே 40 செ.மீ. அகலத்தில் ஒரு சந்து இருக்கிறது அல்லவா, அதில் இரு பக்கமிருந்தும் பட்டைகள் நெருங்கி வரும். 20 செ.மீ. வந்ததும் ஒன்றோடொன்று முட்டிச் சந்து மூடிவிடும். அதற்கப்புறம் அந்தப் பக்கம் கோடு சந்துக்குள் நுழையாமல் தூணின் முகப்பை ஒட்டி நேராகப் போகும். தூணின் மறுபக்கத்திலோ படி மாதிரி ஒரு திருப்பம் நின்றுவிடும். ஒவ்வொரு சுற்றிலும் அது வலப்புறமாக நகர்ந்துகொண்டே உள்ளே வரும். சுவரிலிருந்து 1.2 மீட்டர் வந்ததும் இடது பாதி 70 செ.மீ. கோடாக மூடும். வலது பாதியில் 50-க்கு 30 செ.மீ. செவ்வகம் ஒன்று மிஞ்சும். அதுவும் சுருங்கி 20 செ.மீ. கோடாக முடியும். ஆக மூன்று இடங்களில் மூடல், மூன்றும் வெவ்வேறு தூரத்தில்.

50 மி.மீ. டேப்பில் தொடங்கினால் இந்த மூன்று இடங்களிலும் இரண்டு பட்டைகள் அருகருகே ஒரே நிறத்தில் வந்து நிற்கும், நடுவில் ஒரு இணைப்புக் கோடும் தெரியும். முதல் சுற்றை மட்டும் 25 மி.மீ. டேப்பில் போட்டுவிட்டு மற்றதெல்லாம் 50-இல் போனால்? சந்தில் 17.5 செ.மீ. வரை வந்ததும் நடுவில் மிச்சம் சரியாக 5 செ.மீ. ஒரே ஒரு முழுப் பட்டையால் மூடிவிடலாம். 1.2 மீட்டரிலும் அப்படியே, கடைசி நடுக்கோட்டிலும் அப்படியே. தாளில் இதைக் கண்டுபிடித்தபோது வந்த சந்தோஷம் பெரியது. முதல் 25 மி.மீ. மூன்று மூடல்களையும் ஒரே அடியில் தீர்த்துவிட்டது.

அந்த 25-க்கு இன்னொரு உபயோகமும் இருந்தது. டைல்ஸ் இணைப்புப் பள்ளத்தின் மேல் டேப் குறுக்கே போனால் பிரச்சினை இல்லை. டேப்பின் ஓரம் பள்ளத்தின் மேலேயே ஓடினால் அங்கே பிடிமானம் கிடையாது, தூசி ஏறி உரிய ஆரம்பிக்கும். என் டைல் 60 செ.மீ., அதாவது 12 பட்டை அகலம். ஒரு பட்டையின் ஓரம் பள்ளத்தில் விழுந்தால் கிட்டத்தட்ட ஒவ்வொரு பன்னிரண்டாவது பட்டைக்கும் அதே கதி. தொடக்கத்தில் 25 மி.மீ. தள்ளிவிட்டதால் பள்ளங்கள் எல்லாம் பட்டையின் வயிற்றுக்குக் கீழே போய்விட்டன.

டேப் வாங்கும்போது கவனிக்க வேண்டியது அகலம். ஒரே மாதிரி இருக்கும் சுருள்களில் ஒன்று 48 மி.மீ. இருக்கும், இன்னொன்று 50 இருக்கும். பத்து சுற்றில் அந்த 2 மி.மீ. 2 செ.மீ. ஆகிவிடும். ஒவ்வொரு நிறத்தையும் ஸ்கேல் வைத்து அளந்தே எடுத்தேன். மின்சார வேலைக்குப் பயன்படும் 19 மி.மீ. டேப்பையும் யோசித்தேன். அது நன்றாக இழுபடும் ரகம், நீளமான நேர்கோட்டுக்கு அது சரிப்படாது. தரையில் அடையாளக் கோடு போடுவதற்கென்றே வரும் வினைல் டேப் கொஞ்சம் விறைப்பானது, காலடி தாங்கும். அளவுக் கணக்கு: தூண் போக தரை சுமார் 9.6 சதுர மீட்டர், 5 செ.மீ. அகலத்தால் வகுத்தால் ஏறக்குறைய 193 மீட்டர் டேப். 33 மீட்டர் சுருளாக ஆறு போதும் என்று கணக்கு சொல்லும். ஆனால் வெளிச்சுற்று ஒன்றே 13 மீட்டருக்கு மேல் விழுங்கும், ஒரு நிறத்தை வெளிப்பக்கம் இரண்டு சுற்றுக்கு மேல் பயன்படுத்த முடியாது. உள்ளே போகப் போகச் சுற்று சின்னதாகிவிடும். எந்த நிறம் எந்தச் சுற்றில் என்று முன்கூட்டியே பட்டியல் போட்டு, எட்டு நிறத்தில் எட்டுச் சுருள் எடுத்தேன்.

தரையைத் துடைப்பதில் அவசரம் கூடாது. முதலில் சோப்புத் தண்ணீர், பிறகு வெறும் தண்ணீர், முழுதும் காய்ந்தபின் ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்ட துணி. மெழுகுப் பூச்சு ஏதாவது இருந்தால் டேப் பூச்சோடுதான் ஒட்டும், தரையோடு அல்ல. ஒரு மணல் துகள் அடியில் மாட்டினாலும் அதைச் சுற்றிச் சின்னக் கூடாரம் போல் டேப் தூக்கி நிற்கும், பக்கவாட்டில் வெளிச்சம் விழும்போது அந்த ஒரு துகள்தான் கண்ணில் படும். ஒவ்வொரு சுற்றுக்கும் முன் அந்தப் பாதையை மட்டும் மறுபடி துடைத்தேன்.

முதல் சுற்று கருப்பு. சுவரை ஒட்டிப் போகும்போதுதான் சுவரின் உண்மை தெரிந்தது. நீளச் சுவரின் நடுவில் 4 மி.மீ. தொந்தி. நூல் பிடித்து நேர்கோடு போட்டு அதிலிருந்து தொடங்கினால் பார்வைக்குச் சுத்தமாக இருக்கும், சுவருக்கும் டேப்புக்கும் இடையே ஒல்லியான இடைவெளி மட்டும் தெரியும். நான் சுவரையே பின்பற்றினேன். இந்த வேலையின் உயிரே அறை எப்படி இருக்கிறதோ அப்படியே ஏற்றுக்கொள்வதில் இருக்கிறது என்று நினைக்கிறேன். 25 மி.மீ. டேப் அந்த மெல்லிய வளைவுக்குச் சிரமமில்லாமல் வளைந்து கொடுத்தது, அடுத்தடுத்த அகலப் பட்டைகள் அதன் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு வந்தன. இப்போது வாசலில் நின்று பார்த்தால் அத்தனை கோடும் ஒரே மெல்லிய மூச்சாக உள்ளே வளைவது தெரிகிறது. சுவரைப் பார்த்தால் தெரியாத வளைவு அது.

ஒட்டுவதில் ஒரே ஒரு விதி மற்ற எல்லாவற்றையும் விட முக்கியம்: டேப்பை இழுக்கக் கூடாது. வினைல் இழுபட்டால் நீளும், பிறகு மெதுவாகப் பழைய நீளத்துக்குத் திரும்பப் பார்க்கும். வேலை தொடங்கும் முன் இதைச் சோதித்துப் பார்த்தேன். ஒரு மீட்டர் துண்டை விறைப்பாக இழுத்து ஒட்டி, இரு முனையிலும் பென்சில் அடையாளம் வைத்துவிட்டு மறுநாள் பார்த்தால், முனைகள் சில மில்லிமீட்டர் உள்ளே போயிருந்தன. மூலை இணைப்பில் அது நடந்தால் அடியிலிருக்கும் டைல் வெளியே எட்டிப் பார்க்கும். ஆகவே சுருளிலிருந்து ஒரு கை நீளம் பிரித்து, அது தளர்ந்து கிடக்க ஒரு கணம் விட்டு, பிறகு தரையில் படுக்க வைத்தேன். சுருளை எப்போதும் தரைக்கு நெருக்கமாகவே பிடிக்க வேண்டும். கண் விரல் நுனியில் இருக்கக் கூடாது, அரை மீட்டர் முன்னால், போகப்போகும் ஓரத்தில் இருக்க வேண்டும். அப்போதுதான் கை ஆடாது. ஒவ்வொரு நீளமும் முடிந்ததும் ரப்பர் உருளையால் நடுவிலிருந்து ஓரத்துக்கு அழுத்தி உருட்டினேன். இந்த ரகப் பசை அழுத்தத்தில்தான் பிடிக்கும், முழுப் பிடிமானம் வர ஒன்றிரண்டு நாள் எடுக்கும்.

பட்டைகள் ஒன்றன் மேல் ஒன்று ஏறக் கூடாது, இடைவெளியும் விடக் கூடாது. ஏறினால் அந்த மேட்டில் அழுக்கு சேரும், இடைவெளி விட்டால் வெளிர் டைல் ஒரு மயிரிழையாகத் தெரியும். கருப்புப் பட்டைக்குப் பக்கத்தில் அது இன்னும் எடுப்பாகத் தெரியும்.

மூலை வெட்டுக்கு ஒரு நல்ல வழி உண்டு. இரண்டு பக்க டேப்பையும் மூலையில் ஒன்றின் மேல் ஒன்றாக நீட்டி விட வேண்டும். அடியில் ஒரு மெல்லிய பிளாஸ்டிக் தாளைச் செருகி, உள்மூலையிலிருந்து வெளிமூலைக்கு ஸ்கேல் வைத்துப் புது பிளேடால் இரண்டையும் சேர்த்து ஒரே இழுப்பில் வெட்ட வேண்டும். மேலேயும் கீழேயும் வெட்டுப்பட்ட உபரித் துண்டுகளை எடுத்துவிட்டு, தாளை உருவினால் இரண்டு முனைகளும் இடைவெளியில்லாமல் பொருந்திவிடும். டைலில் கீறலும் விழாது. 45 டிகிரி என்று அளந்து வெட்டத் தேவையே இல்லை. அறை மூலை சரியாக 90 டிகிரி இல்லையென்றாலும் குறுக்குக் கோடு தானாகவே அந்தக் கோணத்தைச் சரிபாதியாகப் பிரித்துவிடும். பிளேடு முனையை அடிக்கடி உடைத்துப் புதிதாக்கிக்கொள்ள வேண்டும், மழுங்கினால் வினைல் வெட்டுப்படாமல் சுருங்கி இழுபடும்.

சந்து மூடிய கட்டம்தான் முழு வேலையிலும் எனக்கு மிகவும் பிடித்தது. நான்கு சுற்று வரை டேப் உள்ளே போய்த் திரும்பி வந்தது. ஐந்தாவது, மஞ்சள். மிச்சமிருந்த இடம் இரு பக்கமும் கருநீல ஓரத்துக்கு நடுவே 5 செ.மீ. மஞ்சள் பட்டை ஒன்றே போதும். அதை உள்முனையிலிருந்து வெளியே கொண்டுவந்து, தூணின் முகப்பில் ஓடும் மஞ்சளோடு சேர்த்தேன். மூன்று திசையிலிருந்தும் வந்த மஞ்சள் அங்கே ஒன்றாகக் கூடியது. ஆறாவது சுற்று அந்த இடத்தைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் நேராகப் போனது.

நிறத் தேர்வில் நிறைய நேரம் செலவழித்தேன். பிரெஞ்சு வேதியியலாளர் ஷெவ்ரல் 1824-இல் பாரிஸ் கோபெலின் திரைச்சீலை நெசவுக்கூடத்தின் சாயப் பிரிவுக்குப் பொறுப்பேற்றார். கருப்பு நூலில் கருமை போதவில்லை என்று புகார் வந்தது. ஆராய்ந்து பார்த்து, குறை சாயத்தில் இல்லை, பக்கத்திலிருக்கும் நிறங்கள்தான் கண்ணுக்கு அப்படிக் காட்டுகின்றன என்று அவர் கண்டார். தன் ஆய்வை 1839-இல் வெளியிட்டார். கோட்டுத் தரையில் இது காலடியில் நடக்கிறது. ஒரே அளவு வெளிச்சமுள்ள சிவப்பும் பச்சையும் பக்கத்தில் பக்கத்தில் வந்தால் ஓரம் துடிக்கும், கண்ணுக்கு அந்தக் கோடு எங்கே இருக்கிறது என்றே பிடிபடாது. சின்னப் பலகையில் எல்லா ஜோடிகளையும் ஒட்டி, கைபேசியில் கருப்பு வெள்ளைப் படமாக எடுத்துப் பார்த்தேன். படத்தில் இரண்டும் ஒரே சாம்பலாகத் தெரிந்தால் அது துடிக்கும் ஜோடி. அந்தத் துடிப்பு அழகுதான், ஆனால் தரை முழுக்க இருந்தால் நடக்கும் கால் தயங்கும். ஆகவே சிவப்பு பச்சை ஜோடியைத் தூணின் படித் திருப்பத்தில் மட்டும் வைத்தேன். மற்ற இடங்களில் வெள்ளையோ கருப்போ இடையில் வந்து அமைதிப்படுத்துகிறது. வெள்ளிநிற டேப் ஒன்றையும் சேர்த்தேன். அதற்கு நிறமே கிடையாது, காலையில் ஜன்னலின் நீலம், மாலையில் விளக்கின் மஞ்சள்.

முதல் சுற்றுக்குப் பிறகு பட்டை அகலம் கடைசி வரை மாறக் கூடாது என்று எனக்குத் தோன்றியது. 1965 முதல் 8.7 செ.மீ. பட்டை என்ற ஒரே அளவைப் பிடித்துக்கொண்டு வேலை செய்த பிரெஞ்சுக் கலைஞர் டேனியல் புரேன் நினைவுக்கு வருகிறார். அளவு மாறாதபோது பார்வை பட்டையை விட்டு இடத்தைப் பார்க்கத் தொடங்குகிறது. அகலத்தை மாற்றி மாற்றிப் போட்டால் தரை தனி ஓவியமாகிவிடும், அறை பின்னுக்குப் போய்விடும்.

பத்து சுற்றுக்கு ஒருமுறை சுவரிலிருந்து பல இடங்களில் அளந்து சரிபார்த்துக்கொண்டே வந்தேன். இடது பாதி மூடிய 70 செ.மீ. கோடு வெள்ளை. மிஞ்சிய செவ்வகத்தில் இன்னும் இரண்டு சுற்று ஒட்டினேன். கடைசி 20 செ.மீ. கோடு ஆரஞ்சு, அதுவும் ஒரே துண்டு.

இப்போது தரையில் நடமாட்டம் வழக்கம்போல் இருக்கிறது. நாற்காலிக் கால்களுக்குக் கம்பளித் துணி வட்டுகள் ஒட்டியிருக்கிறேன், துடைப்பதற்கு நன்றாகப் பிழிந்த துணிதான், ஈரம் நின்றால் வினைல் வழுக்கும். வாசல் அருகே மட்டும் ஓரங்களில் லேசாக மங்கல். சிறு காற்றுக் குமிழ்கள் வந்த இடங்களில் ஊசியைச் சாய்த்துக் குத்தி, விரலால் காற்றை வெளியே தள்ளினேன், தடம் தெரியவில்லை. கழற்றுவதையும் ஒரு மூலைத் துண்டில் செய்து பார்த்தேன்: ஹேர் டிரையரால் இளஞ்சூடு காட்டி, தரையோடு ஒட்டினாற்போல் தாழ்த்தி மெதுவாக இழுத்தால் பசை பெரும்பாலும் டேப்போடு வந்துவிடுகிறது. மிச்சப் பிசுக்கு மினரல் டர்பன்டைனில் போயிற்று. மரத்தரையில் செய்பவர்கள் இந்தச் சோதனையை முதலிலேயே, கண்ணுக்குப் படாத இடத்தில் செய்துவிடுவது நல்லது, பாலிஷ் கையோடு வரலாம்.

அடுத்து மாடிப்படி. படியில் கோடுகள் விளிம்புக்கு இணையாக ஓடினால், இறங்கும்போது விளிம்பு எது, கோடு எது என்று கண் தடுமாறும். அதனால் ஒவ்வொரு படியின் விளிம்பிலும் ஒரே நிறம், வேறெங்கும் வராத நிறம் என்று வைத்துக்கொண்டு, சொரசொரப்பான வழுக்காத டேப்பில் மஞ்சளை அதற்கென்று ஒதுக்கிவிட்டேன். தாளில் முதல் மூன்று படிகள் வரை வரைந்தாகிவிட்டது.