ஹரிக்கேனின் வட்டச் சின்னமும் எங்கள் பௌதிக ஆசிரியரும்

எமது கல்லூரியின் பொழுதுபோக்குக் கழகத்தில் முத்திரை சேர்ப்போரும் ஒளிப்படம் எடுப்போருமே பெருந்தொகையினர். மாதிரி விமானம் செய்யும் நாங்கள் ஒரு சிறு குழுவினர். பாடசாலை விட்டபின் பௌதிக ஆய்வுகூடத்தின் பின்வரிசையிலிருந்த நீண்ட மேசை எங்களுக்குரியதாகிவிடும். அந்த மேசையில் எங்கள் பௌதிக ஆசிரியர் கற்றுத்தந்த ஒரு வேலையைப் பற்றியே இம்மலருக்கு எழுத விரும்புகிறேன். மாதிரிப் போர் விமானம் ஒன்றுக்கு வண்ணம் பூசி, நீரில் ஊறவைத்த டெக்கல்களை, அதாவது சின்னங்கள் அச்சிட்ட மெல்லிய படலங்களை, அதன்மேல் ஒட்டி முடிக்கும் வேலை அது. பாகங்களைப் பொருத்துவதை எவரும் விளக்கத்தாளைப் பார்த்துச் செய்துவிடலாம். அது எந்த விமானம், எந்த ஆண்டில், எந்த அணியில் பறந்தது என்பதைச் சொல்பவை வண்ணமும் சின்னமுமே என்பது நாங்கள் ‘சேர்’ என்று அழைத்த அந்த ஆசிரியரின் உறுதியான கருத்து. என்னுடைய கருத்தும் இன்றுவரை அதுவே.

திருகோணமலையில் பிறந்தவர்களுக்கு இது வெறும் விளையாட்டாகத் தோன்ற நியாயமில்லை. 1942 ஏப்ரல் 9 அன்று யப்பானியக் கப்பற்படை விமானங்கள் எங்கள் துறைமுகத்தைத் தாக்க வந்தபோது, சீனக்குடா விமானத் தளத்திலிருந்து எழுந்து அவற்றை எதிர்த்தவை பிரித்தானிய வான்படையின் 261ஆம் அணியைச் சேர்ந்த ஹரிக்கேன் விமானங்கள். அதே நாளில் மட்டக்களப்புக்கு அப்பால் ‘ஹேர்மீஸ்’ என்ற விமானந்தாங்கிக் கப்பல் மூழ்கடிக்கப்பட்டது. எங்கள் பெற்றோர் அந்தக் காலையைக் கண்ணால் கண்டவர்கள். ஊரைவிட்டு ஓடியதையும் எண்ணெய்த் தாங்கி எரிந்ததையும் சொல்லிச் சொல்லி எங்களை வளர்த்தவர்கள். ஆகவே, இங்கிலாந்திலிருந்த உறவினர் ஒருவர் மூலம் எயர்பிக்ஸ் நிறுவனத்தின் 1/72 அளவு ஹரிக்கேன் மாதிரிப் பெட்டி ஒன்று எங்கள் மேசைக்கு வந்தபோது, அதைச் சீனக்குடா ஹரிக்கேனாகவே செய்ய வேண்டும் என்பதில் எங்களுக்குள் மாற்றுக் கருத்தே எழவில்லை. உண்மை விமானத்தின் சிறகுவீச்சு 12 மீற்றருக்குச் சற்று அதிகம். எங்கள் கையிலிருந்ததன் சிறகுவீச்சு 17 சென்ரிமீற்றர்.

வண்ணத் தகரத்தைத் திறக்குமுன் சேர் கேட்ட கேள்வி எனக்கு இன்றும் நினைவிருக்கிறது. “தம்பிமார், இது எந்த வருஷத்து விமானம்? அதை முதலில் முடிவுசெய்யுங்கள்.” அந்தக் கேள்விக்குக் காரணம் இருந்தது. 1942இன் நடுப்பகுதி வரையில் பிரித்தானிய விமானங்களின் உடற்பகுதியில் இருந்த வட்டச் சின்னத்தில் சிவப்பு, வெள்ளை, நீலம், மஞ்சள் ஆகிய நான்கும் சம அகலத்தில் இருந்தன. அதன்பின் வெள்ளையும் மஞ்சளும் மெல்லிய கோடுகளாகச் சுருக்கப்பட்டன. கிழக்குப் போர்முனையிலோ, யப்பானிய விமானங்களின் செவ்வட்டத்தோடு குழப்பம் நேர்ந்து தம்மவரையே சுட்டுவிடக்கூடாது என்பதற்காகச் சிவப்பு முற்றாக நீக்கப்பட்டது. போரின் பிற்பகுதியில் தென்கிழக்காசியக் கட்டளைப்பீடத்தின் விமானங்கள் கருநீலமும் வெளிர்நீலமும் மட்டும் கொண்ட சிறிய வட்டங்களோடு பறந்தன. 1944இல் அந்தக் கட்டளைப்பீடத்தின் தலைமையகம் எங்கள் நாட்டிலேயே, பேராதனையில், அமைந்திருந்தது. எனவே 1942 ஏப்ரலில் போரிட்ட ஹரிக்கேனுக்கு வெளிர்நீல வட்டம் ஒட்டினால் அது சரித்திரப் பிழை. 1944இல் பறந்ததற்குச் சிவப்பு வட்டம் ஒட்டினாலும் அப்படியே. ஒரு விரல்நக அளவு படலத்துக்குள் இத்தனை செய்தி இருக்கிறது என்பதை அறிந்த அன்றுதான் எனக்கு இந்தக் கலையில் உண்மையான பற்று ஏற்பட்டது.

காற்றழுத்தத்தால் வண்ணத்தைத் தெளிக்கும் எயர்பிரஷ் என்ற கருவியை நாங்கள் அப்போது கண்டதில்லை. மெல்லிய மயிர்த் தூரிகைகளும் ஹம்பிரோல் எனாமல் வண்ணத்தின் சிறு தகரங்களுமே எங்கள் உடைமை. மண் நிறத்துக்கு 29ஆம் இலக்கம், கரும்பச்சைக்கு 30ஆம் இலக்கம். பிளாஸ்ரிக் பாகங்களில் அச்சிலிருந்து ஒட்டிவந்த எண்ணெய்ப்பசை இருக்கும் என்பதால், முதலில் அவற்றைச் சவர்க்கார நீரில் கழுவிக் காயவைப்போம். கீழ்ப்புறத்தின் வெளிர்நிறத்தை முதலில் பூசி, அது நன்கு இறுகிய பின்னரே மேற்புறத்துக்கு மண் நிறமும் அதன்மேல் வளைந்து செல்லும் கரும்பச்சைப் பட்டைகளும் பூச வேண்டும். வெளிர்நிறத்தை அடர்நிறம் எளிதில் மூடும். அடர்நிறத்தை மூட வெளிர்நிறத்துக்குப் பல பூச்சுகள் வேண்டும், அதனால் நுண்ணிய பொறிப்புக் கோடுகள் அடைபட்டுவிடும். எனாமல் காற்றிலுள்ள ஒட்சிசனோடு சேர்ந்தே இறுகுகிறது என்பதால் ஒரு பூச்சுக்கும் அடுத்ததற்கும் இடையில் ஒரு முழு நாளாவது விடும்படி சேர் கட்டளையிட்டிருந்தார். வண்ணத்தில் சிறிது வெள்ளை கலக்கச் சொன்னதும் அவர்தான். தூரத்திலுள்ள பொருளின் நிறம் இடையிலுள்ள காற்றினால் வெளிறித் தோன்றுவதால், கைக்கெட்டும் தொலைவில் வைத்துப் பார்க்கும் சிறு மாதிரிக்கு உண்மை விமானத்தின் நிறத்தை அப்படியே பூசினால் அது அளவுக்கு மீறிக் கறுத்துத் தெரியும் என்பது அவர் தந்த விளக்கம்.

பூசி முடித்த ஹரிக்கேன் போர்க்கால விமானத்துக்கு உரியபடி மங்கலாக, பளபளப்பின்றி இருந்தது. உடனே டெக்கலை ஒட்டிவிடலாம் என்று நாங்கள் ஆவலோடு நின்றபோது, சேர் அதன்மேல் பளபளப்பு வார்னிஷ் பூசச் சொன்னார். மங்கலாக்குவதற்கென்றே மெனக்கெட்ட பரப்பை மினுக்குவது எங்களுக்கு விளங்கவில்லை. அவர் அலுமாரியிலிருந்து தேய்த்த கண்ணாடித் தகடு ஒன்றை எடுத்து, அதனூடாக எதுவும் தெரியாததைக் காட்டினார். பின்னர் அதன்மேல் ஒரு துளி நீரை விட்டார். நீர் பரவிய இடம் மட்டும் தெளிந்து, கீழேயிருந்த எழுத்து வாசிக்கக்கூடியதாயிற்று. மங்கலான பரப்பு நுண்ணிய மேடுபள்ளங்களால் ஆனது. டெக்கலின் படலம் மேடுகளில் மட்டும் தங்கி, பள்ளங்களில் காற்று அகப்பட்டுக்கொள்ளும். அந்தக் காற்றின் எல்லையில் ஒளி தெறிப்பதால் சின்னத்தைச் சுற்றி வெள்ளி பூத்தாற்போல் ஒரு விளிம்பு தெரியும். வார்னிஷ் அந்தப் பள்ளங்களை நிரப்பிவிடுகிறது. இவ்வளவையும் அவர் ஒரு துளி நீரால் விளக்கினார். பின்னாளில் பல்கலைக்கழகத்தில் ஒளியியல் படித்தபோது, பாடநூலுக்கு முன்பே அந்தத் தகடு என் மனத்தில் இருந்தது.

மாரி காலத்தில் மட்டும் வார்னிஷ் தகரத்தை அவர் பூட்டி வைத்துவிடுவார். வார்னிஷிலுள்ள கரைப்பான் விரைந்து ஆவியாகும்போது பரப்பு குளிர்கிறது. வடகீழ்ப் பருவக்காற்றின் ஈரம் அந்தக் குளிர்ந்த பரப்பில் படிந்து, பால் தெளித்ததுபோல் வெண்மை படரும். ஆவியாதலின் மறைவெப்பத்தை வகுப்பில் படிக்குமுன்னரே நாங்கள் இவ்வாறு அறிந்துகொண்டோம்.

இனி டெக்கல். எங்கள் பெட்டியிலிருந்த தாள் பழையது. படலம் மஞ்சளித்துப் போயிருந்தது. சேர் அதை ஒரு கண்ணாடி யன்னலின் உட்புறத்தில், அச்சிட்ட பக்கம் வெயிலைப் பார்க்கும்படி ஒட்டிவைத்தார். திருகோணமலை வெயில் சில நாட்களில் அந்த மஞ்சளை வெளிறச் செய்துவிட்டது. பழைய படலம் நீரில் இட்டதும் துண்டு துண்டாகச் சிதறக்கூடும் என்பதால், தாளின்மேல் தெளிந்த வார்னிஷ் ஒரு மெல்லிய பூச்சாகப் பூசப்பட்டது. அதன்பின் ஒவ்வொரு சின்னத்தையும் அச்சிட்ட விளிம்புக்கு நெருக்கமாகக் கத்தரித்து, இடுக்கியால் பிடித்து, இளஞ்சூட்டு நீரில் சிறிது நேரம் அமிழ்த்தி, எடுத்து ஒற்றுத்தாளில் வைத்துக் காத்திருப்போம். படலத்தை நீருக்குள்ளேயே மிதக்கவிட்டால் பசை கரைந்து போய்விடும். கிணற்று நீரில் கரைந்துள்ள உப்பு காய்ந்தபின் வெண்கறையாகப் படியும் என்பதால் போத்தலில் பிடித்துவைத்த மழைநீரையே பயன்படுத்தினோம். ஒட்டவேண்டிய இடத்தையும் தூரிகையால் நனைத்து, தாளை அருகே வைத்து, படலத்தை மட்டும் வழுக்கி நகர்த்த வேண்டும்.

ஹரிக்கேனில் ஒரு தனிச் சிக்கல் உண்டு. அதன் உடலின் பின்பாதி மரச் சட்டங்களின்மேல் துணி போர்த்தி அமைக்கப்பட்டது. நீளவாக்கில் ஓடும் சட்டங்கள் துணிக்கடியில் வரிவரியாகப் புடைத்து நிற்கும். வட்டச் சின்னம் அமைவது சரியாக அந்த வரிகளின்மேல்தான். படலம் ஒவ்வொரு வரியிலும் ஏறி இறங்கிப் படிந்தால் அது விமானத்தில் பூசிய வண்ணமாகத் தெரியும். வரிகளுக்கு மேல் பாலம்போல் நின்றால் ஒட்டிய காகிதமாகத் தெரியும். படலத்தை இளக்குவதற்கெனத் தனித் திரவங்கள் இருப்பதை நாங்கள் அறியாத காலம் அது. சேர் நீர் கலந்த வினாகிரியைப் படலத்தின்மேல் தடவி, வெந்நீரில் நனைத்துப் பிழிந்த துணியால் மேலிருந்து கீழாக மெல்ல ஒற்றினார். காற்று அகப்பட்ட இடங்களில் ஊசிமுனையால் குத்தி மீண்டும் வினாகிரி தடவினார். மறுநாள் மாலையில் வந்து பார்த்தபோது வரிகள் சின்னத்தினூடாகத் தெளிவாகத் தெரிந்தன. இறுதியாக மங்கல் வார்னிஷ் பூசியதும் வண்ணமும் சின்னமும் ஒரே பரப்பாயின.

எழுபதுகளின் தொடக்கத்தில் இறக்குமதிக் கட்டுப்பாடுகள் இறுகியபின் பெட்டிகள் வருவது நின்றது. நானும் மேற்படிப்பு, தொழில், இடப்பெயர்வு என்று ஊரைவிட்டு வந்தேன்.

ரொறன்ரோவில் குடியேறிப் பிள்ளைகள் வளர்ந்தபின் மீண்டும் தூரிகையை எடுத்தேன். நான் முதலில் தேர்ந்தது நீரில் இறங்கி எழும் விமானமான கற்றலினா பறக்கும் படகு. 1942 ஏப்ரல் 4 அன்று இலங்கையின் தென்கரையிலுள்ள கொக்கலையிலிருந்து புறப்பட்ட கனேடிய வான்படையின் 413ஆம் அணியின் கற்றலினா ஒன்று இலங்கைக்குத் தெற்கே நடுக்கடலில் யப்பானியக் கப்பற்படையைக் கண்டு, சுட்டு வீழ்த்தப்படுமுன் செய்தி அனுப்பியது. அதன் தலைவர் லெனாட் பேச்சல் ஒன்ராறியோ மாகாணத்தின் சென் கதரின்ஸ் நகரில் பிறந்தவர். ஒன்பது பேரில் மூவர் இறந்தனர். அவரும் எஞ்சியோரும் போர் முடியும்வரை சிறையிருந்தனர். மறுநாள் கொழும்பு தாக்கப்பட்டபோது அது எதிர்பாராத தாக்குதலாக இருக்கவில்லை என்றால் அதற்கு அவர்களே காரணம். நான் வாழும் நாட்டையும் நான் பிறந்த நாட்டையும் இணைக்கும் விமானம் இதைவிட வேறில்லை.

இன்று வசதிகள் மிகுதி. எயர்பிரஷால் மெல்லிய படலங்களாக வண்ணம் பூசலாம். டெக்கலுக்கு அடியில் இடவும் மேலே தடவவும் மைக்ரோசெற், மைக்ரோசொல் என்ற திரவங்கள் கிடைக்கின்றன. மைக்ரோசெற்றின் போத்தலைத் திறந்தால் வினாகிரி மணமே வருகிறது. எங்கள் சேர் சரியான வழியில்தான் சிந்தித்திருக்கிறார். மைக்ரோசொல் தடவியதும் படலம் சுருங்கி நெளியும். அந்நேரத்தில் அதைத் தொடவே கூடாது. காயும்போது தானாகவே இறுகப் படிந்துவிடும். கற்றலினாவின் சிறகின் பின்பகுதியும் துணி போர்த்தியது என்பதால், சிறகின் மேலுள்ள சிவப்பு நீல வட்டங்களை விலா வரிகளின்மேல் படியவைக்க எனக்கு அந்தத் திரவம் பலமுறை தேவைப்பட்டது. உடலின் இருபுறமும் துருத்தி நிற்கும் கண்ணாடிக் கூண்டுகளின் சட்டங்களுக்கு மறைப்பு நாடா வெட்டுவதே முழு வேலையிலும் கடினமானது. ‘கியூ எல்’ என்ற அணி எழுத்துக்களை ஒட்டியபோது, பக்கத்தில் இருந்த என் மகளுக்கு அவை யாருடைய எழுத்துக்கள் என்பதைச் சொல்லிக்கொண்டே ஒட்டினேன்.

கல்லூரியில் பொழுதுபோக்குக் கழகம் மீண்டும் இயங்குவதாகப் பழைய மாணவர் சங்கத்தின் வாயிலாக அறிந்தேன். மாதிரிப் பெட்டிகள் அனுப்ப விரும்பும் அன்பர்கள் எனாமல் வண்ணத்தையும் அதன் கரைப்பானையும் பொதியில் சேர்க்க வேண்டாம். அவை எரியக்கூடியவை என்பதால் வான்வழி அஞ்சலில் ஏற்றுக்கொள்ளப்படுவதில்லை. நீரில் கரையும் அக்ரிலிக் வண்ணங்களை அனுப்பலாம். அவை மணமும் குறைந்தவை, பிள்ளைகளுக்கும் ஏற்றவை. டெக்கல் தாளை இரு மட்டைகளுக்கிடையில் தட்டையாக வைத்து, ஈரம் புகாத பிளாஸ்ரிக் உறையில் இட்டு ஒட்டிவிடுங்கள். இயலுமானால் ஒரு ஹரிக்கேனும் ஒரு கற்றலினாவும் அனுப்புங்கள்.