கேவலாரில் ஒரு மதியம்

ஜெர்மனியில், நெதர்லாந்து எல்லையோரம் இருக்கும் சின்ன ஊர் கேவலார். மாதா பேராலயத்தின் கோபுரம் மட்டும் சுமார் 90 மீட்டர்! 19ஆம் நூற்றாண்டுக் கட்டடம். உள்ளே சுவர், தூண், கூரை என எங்கு பார்த்தாலும் வண்ண ஓவியம். அண்ணாந்து பார்த்துக் கழுத்து வலித்ததுதான் மிச்சம்.

அப்புறம் எதிரே உள்ள சிற்றாலயம். 1642 முதல் இத்தனை கூட்டமும் வருவது உள்ளங்கைக்குள் அடங்கும் ஒரு மாதா படத்துக்காக. வெறும் காகித அச்சு. பேராலயத்தைவிட இதன்முன் நின்ற நேரமே அதிகம்.

வெளியே மெழுகுவர்த்திகள். ஆகஸ்டில் ஈழத்தமிழர்கள் ஆயிரக்கணக்கில் கூடுகிற இடம் இது. பக்கத்தில் ஒரு அம்மா தமிழில் முணுமுணுத்தார்.

"எந்த ஊர், அம்மா?"

"மன்னார், தம்பி." என் வெறுங்கையைப் பார்த்தவர், ஒரு மெழுகுவர்த்தியை நீட்டினார். "இந்தாங்கோ, கொளுத்துங்கோ."