ஒரு 'ஓம்'

ஐயா கேட்டது ஒரே கேள்விதான். "தம்பி, உள்ளுக்கு நல்லாக் காய்ஞ்சிட்டுதோ?"

"ஓம் ஐயா" என்றேன். அந்த ஓம் இன்னும் தொண்டையில் நிற்கிறது.

ஐயாவின் மொறிஸ் மைனர் கார், 6.5 கலன் பெற்றோல் தாங்கி, அடியில் மூன்று ஊசித்துளை. ஈயம் பற்றவைக்கலாம்தான். ஆனால் கறள் தின்ற தகரத்தில் ஒன்றை அடைத்தால் பக்கத்தில் இன்னொன்று திறக்கும். உள்ளே எப்பொக்சி, அந்த இறுகிப்போகும் பூச்சு, பூசுவோம் என்றது நான்தான். சங்கிலித் துண்டைப் போட்டு உருட்டி, பொஸ்பரிக் அமிலம் விட்டு, கழுவி, அசற்றோனால் அலசினேன். வேலையில் குறை வைக்கவில்லை. கார்த்திகை மழைக்கு நான் என்ன செய்ய?

பூசுவதற்கு முன், பெற்றோல் அளவு காட்டும் மிதவையின் துளையால் ஒரு சின்னக் கண்ணாடியை உள்ளே விட்டு டோர்ச் அடித்தேன். கண்ணாடி லேசாக மங்கியது. என் மூச்சு பட்டிருக்கும் என்று சட்டையில் துடைத்தேன். திரும்ப விட்டுப் பார்க்கவில்லை. ஐயாவின் மகள் கல்யாணத்துக்கு ஒரு கிழமைதான் இருந்தது. மார்கழி பிறந்தால் தை வரை நாள் இல்லை. பூச்சு இறுகவே நாலு நாள் வேண்டும்.

பொம்பிளை அந்தக் காரில்தான் போனாள்.

தையில் கார் யாழ்ப்பாணத்துப் பலாலி வீதியில் நின்றுவிட்டது. பம்பின் டிக் டிக் மெல்ல மெல்ல அடங்கிப்போனதாம். கழற்றிப் பார்த்தால், உறிஞ்சு குழாயின் வலையில் நகமளவு பூச்சுச் சருகுகள். அடிப்பக்கம் செம்மண் நிறம். ஈரத்தின் மேல் பூசினால் அப்படித்தான் உரியும்.

ஆனால் ஒரு சருகின் மூலை வழுவழுவென்று இருந்தது. 1990க்குப் பிறகு, பெற்றோல் வராத பொருளாதாரத் தடைக் காலத்தில், காபரேற்றருக்குள் நாலு சொட்டு பெற்றோல் விட்டு ஸ்ராட் பண்ணி மண்ணெண்ணெயில் ஓடிய கார் அது. தாங்கியின் மடிப்புகளில் மண்ணெண்ணெய்ப் பிசின் இருந்தால் எப்பொக்சி பிடிக்காது. அப்படியென்றால் பிழை என்னுடையது இல்லை. சரி, அதற்குப் பிறகு இத்தனை வருடம் பெற்றோல் ஓடிய தாங்கியில் எந்தப் பிசின் மிஞ்சும்?

"கல்யாணத்துக்கு ஓடினதே, அது காணும்" என்றார் ஐயா. இல்லை என்று நான் சொல்லியிருந்தால் ஓடியிராது. அதையும் கணக்கில் எடுக்கத்தானே வேண்டும்?

அதே கார்த்திகையில், அதே மழையில், ஒரு ஒஸ்ரின் ஏ40 காரின் தாங்கிக்கும் இதே மருந்தைத்தான் பூசினேன். கண்ணாடி விட்டே பார்க்கவில்லை. அது இன்றுவரை ஒரு சொட்டு ஒழுகவில்லை.